சுண்டெலி, கை குடு...

பெரியவளின் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. பல் தடம். கடித்தது அவளுடைய கூடப்பிறந்த தங்கை. அந்தக் கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதுவரை நானும் உங்களைப் போலத்தான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற கட்சி. அக்காவிடம் தனியாகக் கேட்டேன். தங்கையிடம் தனியாகக் கேட்டேன். குறுக்கே மறித்து, மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். ஒரே இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நடந்ததை நடந்தபடி வைக்கிறேன். இதில் ஒரு வரிகூட என் கைச்சரக்கு இல்லை.

அக்காவும் தங்கையும் சேர்ந்து கார் சுத்தம் செய்யும் பட்டறை வைத்திருந்தார்கள். தெருவில் எல்லோரும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரைப் பீய்ச்சி நுரை போட்டுத் தேய்க்கிற கடை என்று நினைத்துவிட வேண்டாம். ட்ரை ஐஸ் வைத்துச் செய்கிற வேலை. கரியமில வாயுவை உறையவைத்து, அரிசி மணி அளவுக்குப் பொடித்து, தடித்த மூடி போட்ட பெட்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துபோகும், அவ்வளவு குளிர். அதை இயந்திரத்தில் கொட்டி, கம்ப்ரஸர் காற்றோடு சேர்த்து ஒரு துப்பாக்கிக் குழாயால் அடித்தால், வருஷக்கணக்கில் வண்டியின் அடியில் அப்பிக்கிடந்த கிரீஸும் தாரும் விறைத்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். ஒரு சொட்டு ஈரம் மிஞ்சாது. பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும்.

போய்விடும் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த வாயு எங்கேயும் போவதில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். பள்ளம் கண்டால் தண்ணீர் மாதிரி இறங்கி நிற்கும். அதில் தலை மூழ்கினால் இரண்டு மூச்சில் ஆள் காலி. இந்த இயந்திரத்தை விற்க வந்தவர் முதல் நாளே இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். பள்ளத்தில் ஒரு ஆள் விழுந்தால் வெளியில் நிற்கிறவர் இறங்கவே கூடாது, விழுந்தவரைவிடத் தூக்கப் போனவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள் என்று. சின்னவள் அன்று இரவு சோறே சாப்பிடவில்லை.

அவள் அப்படித்தான். தன் நிழலுக்கே ஒதுங்கி வழிவிடுகிற ரகம். அம்மா வேலைக்குப் போய்வந்த காலத்தில் அவளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். கோபம் வந்தால் அக்காவின் கையைக் கடித்துவிட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அதனால் வீட்டில் அவளுக்கு 'சுண்டெலி' என்று பெயர். அம்மா இறந்த பிறகு அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பட்டறையில் அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள். பெரியவள் நேர் எதிர். நினைத்ததை அந்த நிமிஷமே செய்தாக வேண்டும். ஒத்துவராத புருஷனை விட்டு ஒரே ஒரு பையோடு பஸ் ஏறியவள். தங்கையைத் தவிர அவளுக்கு யாருமில்லை. தங்கைக்கும் அப்படியே.

அன்று காலை, வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் எண்ணெய் கக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பட்டறையில் ஒரு வக்கீலின் பழைய கார். மறுநாள் பழைய கார்களின் கண்காட்சிக்குப் போக வேண்டிய வண்டி. மேல் வேலை எல்லாம் முடிந்து, அடிப்பாகம் மட்டும் பாக்கி. இரண்டு பெட்டி ட்ரை ஐஸ் வந்து இறங்கியாகிவிட்டது. அது யாருக்காகவும் காத்திருக்காது. மூடி வைத்தாலும் தானாகக் கரைந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு வண்டி சரியாகப் போனால் வக்கீலின் கூட்டாளிகள் எல்லோரும் வருவார்கள். போகாவிட்டால் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். அந்த நிலைமை.

பட்டறையின் பின்பக்கம் ஒரு குழி இருந்தது. முன்னே அங்கே இருந்த மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய சிமெண்டுக் குழி. மேலே பலகை போட்டு மூடியிருந்தது. ஈரம் ஊறுகிற இடம், திறக்காதீர்கள் என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். பெரியவள் கடப்பாரையை எடுத்துவந்தாள்.

முதல் தப்பு அங்கே இருந்தது. ஒரு பலகைக்கு நான்கு ஆணி போதும். இதில் ஆணிமேல் ஆணியாக, இடம் விடாமல் அடித்திருந்தது. எதையோ உள்ளே விட்டு அடைத்த மாதிரி.

"பலகைய விட ஆணிக்குத்தான் செலவு பண்ணியிருக்கான்," என்று பெரியவள் சிரித்தாள்.

சின்னவள் சிரிக்கவில்லை. குழியில் வாயு தேங்கும், வேண்டாம் என்று மன்றாடினாள். குழிக்குள் யார் இறங்கப் போகிறார்கள் என்று அக்கா கேட்டாள். வண்டியைக் குழிமேல் நிறுத்திப் பக்கத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, வளைந்த குழாயை மேலிருந்தே அடியில் விட்டு அடிக்கலாம். அழுக்குதான் கீழே விழும், ஆள் விழ மாட்டாள் என்றாள். மின்விசிறி இரண்டையும் முழு வேகத்தில் வைத்தாள். ஷட்டரை முழுசாகத் திறந்துவைத்தாள். தங்கை துப்பாக்கிக் குழாயை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

மதியம் மழை பிடித்தது. சாதாரண மழை அல்ல. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிற அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள். சின்னவள் வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துப்பாக்கியின் சத்தம், விமானம் காதுக்குள்ளேயே கிளம்புகிற மாதிரி இருக்கும். அதனால் இரண்டு காதையும் கவிழ்த்து மூடுகிற தடித்த காதுமூடி போட்டிருந்தாள். அதைப் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

யாரோ தோளைத் தட்டினார்கள். பெரியவள். வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பாடு என்று ஜாடை செய்தாள். சின்னவள் தலையாட்டினாள். அக்காவின் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் வண்டியின் பின்பக்கமாக நடந்து போவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஷட்டருக்குக் குனிந்து வெளியே போனதை அவள் பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை.

வெண்புகை தரையில் படர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் ஓடுவதுதான். ஆனால் விசிறி வாசல் பக்கமாகத் தள்ள, புகை வாசல் பக்கம் போகவில்லை. காற்றை எதிர்த்துக்கொண்டு குழியைப் பார்க்கப் போனது. நிதானமாக. வழி தெரிந்த மாதிரி.

அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

"சுண்டெலி..."

திரும்பினாள். யாருமில்லை. துப்பாக்கியை விட்டாள். காதுமூடியைக் கழற்றினாள். கம்ப்ரஸர் இரைச்சல், விசிறி இரைச்சல், தகரத்தில் மழை. வேறு எதுவும் இல்லை. பயத்தில் காது அடைக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி காதுமூடியைப் போட்டாள். துப்பாக்கியை அழுத்தினாள்.

"சுண்டெலி... கால் மாட்டிக்கிச்சுடி."

அக்காவின் குரல். சந்தேகமே இல்லை. சளி பிடித்தால் கொஞ்சம் கரகரக்குமே, அந்தக் கரகரப்போடு. அவ்வளவு சத்தத்துக்கு நடுவே, கத்தாமல், காதோடு வாய் வைத்துப் பேசுகிற மாதிரி.

கழற்றினாள்... ஒன்றுமில்லை.

போட்டாள்.

"கை குடு."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

விசிறி நின்றது. கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு அடங்கியது. சின்னவள் காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். அடுத்த நொடி ஷட்டர் 'கர்ர்ர்' என்று தானாகச் சரிந்து இறங்கி, தரையில் 'டமார்' என்று உட்கார்ந்தது. உள்ளே மேலே ஒரு சின்ன ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

சின்னவள் போனை எடுத்தாள். டார்ச் போட்டாள். குழியைப் பார்த்தாள்.

குழி நிறைந்திருந்தது. பால் ஊற்றி வைத்த தொட்டி மாதிரி, விளிம்பு வரை வெள்ளை. மேல்பரப்பு ஆடாமல் அசையாமல் இருந்தது. வண்டியின் பின்பக்கம், குழியின் வாய் ஒரு ஆள் இறங்குமளவுக்குத் திறந்துகிடந்தது. அங்கேதான் இரும்பு ஏணி. அந்த இடத்தில் மட்டும் வெள்ளையில் ஒரு குழிவு விழுந்து... நகர்ந்தது. அடியில் ஏதோ தவழ்ந்து போகிற மாதிரி.

"அக்கா..."



அக்காவின் எண்ணுக்கு அடித்தாள். மணி ஒலித்தது. வெகு அருகில். திரும்பிப் பார்த்தால் அக்காவின் போன் மேசைமேல் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

போனை எடுக்காமல் அக்கா எங்கேயும் போக மாட்டாள்.

தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. எதிர்முனையில் இருந்தவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "இறங்காதீங்கம்மா. யாரும் இறங்கக் கூடாது. வந்துட்டிருக்கோம்."

எத்தனை நேரத்தில் வருவார்கள்? இந்த மழையில்? அதற்குள்?

ஷட்டருக்கு ஓடினாள். இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். தம் கட்டித் தூக்கினாள். தாழ் எப்படியோ விழுந்து இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. ஷட்டர் அசையவில்லை. தகரத்தைத் தட்டினாள். கத்தினாள். மழைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது.

திரும்பி ஓடிவந்தாள். கம்ப்ரஸர் தொட்டியில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும் என்று அந்தக் கலக்கத்திலும் தோன்றியிருக்கிறது. குழாயைத் துப்பாக்கியிலிருந்து பிடுங்கினாள். வெறும் காற்றைக் குழிக்குள் பீய்ச்சினாள். நல்ல காற்று. அக்காவுக்கு மூச்சுவிட.

வெள்ளை பிளந்தது.

ஒரு மஞ்சள் பூட்ஸ்.

அதற்குமேல் முழங்கால் வரை ஒரு கால். பக்கத்தில் கையுறை போட்ட ஒரு கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

விரல்கள் மெல்ல மடங்கின. கூப்பிடுகிற மாதிரி.

குழாய் 'புஸ்ஸ்' என்று தீர்ந்தது. வெள்ளை மூடிக்கொண்டது.

அவள் கதறினாள். இறங்கக் கூடாது. இறங்கினால் இரண்டு பேரும் சாவோம். இறங்காவிட்டால் அக்கா சாவாள். ஏணியில் ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். நான் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இதுதான். அக்கா இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது என்ற ஒரே நினைப்புத்தான் அப்போது இருந்ததாம்.

சுவரில் கொக்கிக் கம்பி சாத்தியிருந்தது. ஷட்டரை இழுத்து இறக்குவதற்கு, ஆள் உயரத்துக்கும் மேலே, நுனியில் வளைந்த கம்பி. அதை எடுத்தாள். குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்தாள். வெள்ளைக்குள் விட்டுத் துழாவினாள். சுவரில் உரசியது. தரையில் உரசியது. பிறகு எதிலோ மாட்டியது.

கனம்.

ஒரு ஆளின் கனம்.

இழுத்தாள். காதுமூடி கழுத்தில் கிடந்தது. படுத்திருந்ததில் ஒரு பக்கம் நகர்ந்து காதில் கவிழ்ந்துகொண்டது.

"ஆமாடி. அப்படித்தான். இழு."

அழுதுகொண்டே இழுத்தாள். மூக்கில் சோடா ஏறியது போல சுருக்கென்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை கனத்தது. அந்த வாயு தன் முகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. விடவில்லை. ஒரு முழம் ஏறியது. இன்னொரு முழம். வெள்ளைக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

டம் டம் டம்.

ஷட்டர்.

"ஏய்! கதவைத் திறடி! என்னடி ஆச்சு உனக்கு?"

சின்னவள் உறைந்தாள்.

அது அக்காவின் குரல்.

வெளியே.

கம்பியின் மறுமுனையில் கனம் அப்படியே தொங்கியது. காதுமூடி கவிழ்ந்த காதில், அதே அக்கா. மூச்சு வாங்க.

"வெளியில நிக்கறது நான் இல்லடி. திறக்காத. இழு."

டம் டம் டம். "சின்னவளே!"

"நான் இங்க செத்துட்டிருக்கேன் சுண்டெலி."

எது அக்கா?

விட்டால்? விட்டது அக்காவாக இருந்தால்?

அவள் இடது கையால் காதுமூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

குழி அமைதியானது.

வாசலில் மட்டும்... டம் டம் டம்.

கம்பியை விட்டாள்.

கம்பி விழவில்லை.

விட்ட இடத்திலேயே நின்றது. நேராக. பிறகு உள்ளே போகத் தொடங்கியது. ஒரு பிடி... நிறுத்தி... இன்னொரு பிடி. கை மாற்றிக் கை மாற்றிக் கயிறு இழுப்பார்களே, அப்படி. கடைசி நுனி வெள்ளைக்குள் போய் மறைந்தது.

சத்தமே இல்லை.

அவள் கையை ஊன்றிப் பின்னால் தவழ்ந்தாள். வண்டியின் மறுபக்கம், மேசைக்கு அடியில் போய் விழுந்தாள். கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஷட்டருக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பி நுழைந்தது. நெம்பியது. பக்கத்து டயர்க்கடைக்காரரின் குரல் கேட்டது, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." ஒரு ஆள் உருண்டு வருமளவுக்கு ஷட்டர் உயர்ந்தது. பெரியவள் உருண்டு உள்ளே வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. போன் நனையும் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனவள், மழை விடட்டும் என்று தெருவில் டயர்க்கடை வாசலில் ஒதுங்கி நின்றிருக்கிறாள். அவ்வளவுதான்.

சின்னவளுக்கு அவளைப் பார்த்ததும் அழுகை பொங்கியது. இங்கே இருக்கிறேன் அக்கா.

பெரியவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நேராகக் குழிக்கு ஓடினாள்.

ஏனென்றால் அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. தெருவில் நிற்கும்போதே கேட்டதாம். தங்கையின் குரல். 'அக்கா, விழுந்துட்டேன், மூச்சு முட்டுது' என்று. அதைக் கேட்டுத்தான் ஓடிவந்து ஷட்டரைத் தட்டியிருக்கிறாள்.

பொட்டலம் தரையில் சிதறியது. ஏணியில் கால் வைத்தாள். அவளிடம் யோசனை கிடையாது, தயக்கம் கிடையாது. ஒரு படி. இரண்டு படி. முழங்கால் வெள்ளைக்குள் போனது.

"வந்துட்டேன்டி. வந்துட்டேன். பயப்படாத."

சின்னவள் தவழ்ந்தாள். தரை வழுக்கியது. குரல் இல்லை. இடுப்பு வரை அக்கா போய்விட்டாள். ஏணியைப் பிடித்திருந்த வலது கை மட்டும் விளிம்பில் தெரிந்தது.

அந்தக் கையைப் பற்றினாள்.

பெரியவள் திரும்பிப் பார்க்காமலே உதறினாள். "விடுங்க! என் தங்கச்சி உள்ள இருக்கா."

டயர்க்கடைக்காரர் என்று நினைத்துவிட்டாள்.

மறுபடி பற்றினாள். மறுபடி உதறினாள். தோள் வரை வெள்ளை.

"விடுங்கன்னு சொல்றேன்ல. அவ கூப்பிடறா. உங்களுக்குக் கேக்கலையா?"

சின்னவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கடித்தாள்.

பல் எலும்பில் படும்வரை கடித்தாள். வாயில் ரத்தம் வழிந்தது. விடவில்லை.

பெரியவள் திரும்பினாள்.

தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். மறுபடி தங்கையைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைச் சின்னவள் எனக்குச் சொல்ல முயன்றாள். முடியவில்லை. அந்த இடத்தில்தான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏனென்றால், கடிபட்டுக்கொண்டு தங்கையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியிலும், பெரியவளுக்குக் காலடியிலிருந்து தங்கையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா... அது நான் இல்ல. நான் கீழ இருக்கேன்."

டயர்க்கடைக்காரர் வந்து ஒருத்தியின் தலைமுடியையும் இன்னொருத்தியின் சட்டையையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். மழையில் கொண்டுபோய்ப் போட்டார். இழுத்துப் போகும்போது அவர் கண்களை இறுக மூடியிருந்தார் என்று இருவருமே சொன்னார்கள். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்ததாம்.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்டவர்கள் அளந்து பார்த்தார்கள். குழியின் அடியில் இருந்த வாயுவுக்கு ஒரு ஆள் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றார்கள். காற்றை உள்ளே செலுத்தி வெள்ளையை வெளியேற்றினார்கள். விளக்கு போட்டு இறங்கினார்கள். நான்கு பக்கமும் சிமெண்டு. அடியில் வண்டியிலிருந்து உதிர்ந்த கிரீஸ் பொருக்கு. அவ்வளவுதான். பூட்ஸ் இல்லை. ஆள் இல்லை. அவ்வளவு நீளக் கொக்கிக் கம்பியும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த வாயு ரத்தத்தில் ஏறினால் மூளை குழம்பும், இல்லாதது தெரியும், இல்லாதது கேட்கும் என்றார். சின்னவள் சரி சரி என்று தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், மழையில் தெருவில் நின்ற என் அக்காவுக்கு எந்த வாயு ஏறியது என்று. டாக்டர் கடிகாயத்துக்குத் தையல் போடத் தொடங்கினார்.

கடையைக் காலி செய்தார்கள். வக்கீல் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. வேறு இடம் பிடித்தார்கள். எட்டுத் திசையும் திறந்த வெட்டவெளிக் கொட்டகை, பள்ளமில்லாத தரை. சாமான்களை வண்டியில் ஏற்றுகிற அன்று டயர்க்கடைக்காரர் வந்து தள்ளி நின்றார். போகிறவர்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கட்டட உரிமையாளர் பேச்சைக் கேட்டு இத்தனை நாள் வாயைத் திறக்காதது தப்பு என்று ஆரம்பித்தார்.

இவர்களுக்கு முன்னால் அந்தப் பட்டறையை வைத்திருந்தது அண்ணன் தம்பி இருவர். லாரி மெக்கானிக்குகள். ஒரு நாள் காலையில் இரண்டு பேரையும் குழிக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். உள்ளே என்ன வாயு தேங்கியிருந்தது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. அண்ணன் ராத்திரி பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறவர். அவரைத் தூக்கும்போது உடம்பு விறைத்துக் கிடந்தது. உயிர் போய் ராத்திரி முழுக்க ஆகியிருக்கும் என்றார்கள். தம்பி காலையில் வந்து, அண்ணனைத் தூக்க இறங்கிச் செத்திருக்கிறான். ஊரெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டது.

"தூக்க இறங்கலம்மா அவன்," என்றார் டயர்க்கடைக்காரர். "எனக்குத்தான் தெரியும். இறங்கறதுக்கு முன்னாடி என் கடைக்கு ஓடி வந்தான். கண்ணு நிறைய தண்ணி. முகமெல்லாம் சிரிப்பு. 'எங்கண்ணன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடறார்ணே. நீங்களும் வந்து கேளுங்க'ன்னான். நான் வர்றதுக்குள்ள திரும்பி ஓடிட்டான்."

பெரியவள் புரியாமல் பார்த்தாள். தங்களைக் கூப்பிட்டது போல அவனையும் கூப்பிட்டிருக்கிறது, இதில் புதிதாக என்ன இருக்கிறது?

அவர் பட்டறையைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவங்கண்ணனுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதும்மா."